பிராக்ல ஒரு நாள்: கைடு சொன்ன கதையும் சொல்லாம விட்டதும்

"ஐரோப்பா போனா அந்த ஃப்ரீ வாக்கிங் டூர்ல சேரலாமா, இல்ல மேப்பை வச்சு நாமளே சுத்திக்கலாமா?" இதை நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. செக் நாட்டுத் தலைநகர் பிராக்ல நான் ஒரு முழு நாள் சுத்தின அனுபவத்தை வச்சே பதில் சொல்றேன்.

முதல்ல அந்த 'ஃப்ரீ' விஷயம். டிக்கெட் கிடையாது, கடைசியில நீங்க பார்த்துக் கொடுக்கிற டிப்ஸ்தான் கைடோட வருமானம். பல ஊர்கள்ல, ஆள் சேர்த்துவிடற கம்பெனிக்குத் தலைக்கு இவ்வளவுன்னு கைடே கட்டணும். நீங்க நைசா நழுவினா அவருக்குக் கைநஷ்டம்! அதனால, ரெண்டரை மணி நேரம் கூட்டம் கலையாம பார்த்துக்கறது அவருக்கு வயித்துப்பாடு. கதைகள் ஏன் அவ்வளவு சுவாரசியமா இருக்குன்னு இப்போ புரியுதா?

காலைல பத்து மணிக்கு பழைய நகரச் சதுக்கம். டவுன் ஹால் சுவத்துல இருக்கிற வானியல் கடிகாரத்துக்கு முன்னாடி எங்களை நிறுத்தி, கைடு ஆரம்பிச்சார்: "ஹனுஷ்ங்கிற மாஸ்டர் இதைச் செஞ்சார். வேற ஊருக்கும் இதே மாதிரி செஞ்சு கொடுத்துடுவாரோன்னு பயந்து, நகர சபை அவர் கண்ணையே பிடுங்கிடுச்சு." எல்லாரும் 'உச்' கொட்டினாங்க. நானும்தான். தாஜ்மஹால் கட்டினவங்க கையை வெட்டினதா நாம கேட்டு வளர்ந்தோமே, அதே வகைக் கதை. அதுக்கும் ஆதாரம் இல்ல, இதுக்கும் இல்ல. இந்தக் கடிகாரத்தை 1410-ல செஞ்சவர் மிக்குலாஷ்னு ஒரு கடிகாரக் கலைஞர், கதானிங்கிற ஊர்க்காரர். ஹனுஷ் அதுக்குப் பல வருஷம் கழிச்சு அதைப் பராமரிச்சவர். பேர் மாறிப்போய், அந்தத் தப்பு பல நூற்றாண்டு ஓடியிருக்கு.

எனக்கு வருத்தம் என்னன்னா, அந்தக் கதை சொன்ன நேரத்துல கடிகாரத்தை எப்படிப் படிக்கறதுன்னு சொல்லித் தந்திருக்கலாம். வெளி வளையத்துல 24 எண்கள் இருக்கும். சூரியன் மறையற நேரம்தான் 24. நாள் முடியறதும் தொடங்கறதும் அங்கேதான். அஸ்தமன நேரம் வருஷம் முழுக்க மாறிட்டே இருக்கும் இல்லையா, அதுக்கு ஏத்த மாதிரி அந்த வளையமே முன்னும் பின்னும் நகரும்! "பொழுது சாய இன்னும் எத்தனை மணி நேரம்?"னு ஒரே பார்வையில தெரிஞ்சுக்கலாம். தெரு விளக்கு இல்லாத காலத்துல அதுதானே முக்கியமான கேள்வி? மணி அடிக்கும்போது பொம்மைகள் வர்ற காட்சி ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். எல்லாரும் போன்ல அதை எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. அந்த அப்போஸ்தலர் பொம்மைகளும் பழசு இல்ல. 1945 மே மாசம், போர் முடியற கடைசி நாட்கள்ல நடந்த சண்டையில டவுன் ஹால் எரிஞ்சது. அதுக்கப்புறம் புதுசா செதுக்கி, 1948-ல கடிகாரத்தை மறுபடி ஓட விட்டாங்க. எரிஞ்ச கட்டடப் பகுதியை இன்னைக்கு வரைக்கும் திரும்பக் கட்டல. பக்கத்துல காலியா கிடக்கிற இடம் அதுதான்.

அங்கிருந்து நாலு எட்டு வச்சா, தரையில கல்லோடு கல்லா 27 வெள்ளைச் சிலுவைகள் பதிச்சிருக்கு. எங்க குரூப் அதை மிதிச்சுட்டே போச்சு. 1621 ஜூன் 21-ல, ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கு எதிராக் கிளர்ச்சி செஞ்ச 27 பேரை அந்த இடத்துலதான் கொன்னாங்க. அதுல ஒருத்தர் ஜான் ஜெசெனியஸ், டாக்டர், பல்கலைக்கழகத் தலைவர். 1600-ல பிராக்ல மக்கள் முன்னாடி பிணப் பரிசோதனை செஞ்சு காட்டினவர். கொல்றதுக்கு முன்னாடி அவர் நாக்கை அறுத்தாங்க. இது கட்டுக்கதை இல்ல, நடந்தது. பன்னிரண்டு பேரோட தலைகளைச் சார்லஸ் பாலத்துக் கோபுரத்துல பத்து வருஷம் தொங்கவிட்டிருந்தாங்க. அரை மணி நேரம் கழிச்சு அந்தக் கோபுரத்துக்குக் கீழதான் நாங்க குரூப் போட்டோ எடுத்தோம்.

பாலத்தைப் பத்தி அதிகம் சொல்லல. 1357-ல தொடங்கினது, 30 சிலைகள், பல சிலைகள் இப்போ நகல்தான், கூட்டம் தாங்காது. விடிகாலைல போங்க.

யூதர் பகுதியான யோசெஃபோவ்ல கைடு எங்களை வெளியிலேயே நிறுத்திட்டார். உள்ளே போக தனி டிக்கெட், டூர்ல சேராது. "அடுத்து நல்ல பீர் எங்கே கிடைக்கும்னு காட்டறேன்"னு கூட்டிட்டுப் போயிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியல. சாப்பிட்டுட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன்.

பின்காஸ் தொழுகைக்கூடத்துக்குள்ள பார்க்கறதுக்குப் பொருள்னு ஒண்ணும் பெருசா இல்ல. சுவர் முழுக்க கையால எழுதின பேர்கள், கிட்டத்தட்ட 80,000. நாஜிகள் கொன்ன செக் நாட்டு யூதர்கள். ஊர் வாரியா, குடும்பம் குடும்பமா. பிறந்த நாள், இறந்த நாள். இறந்த நாள் தெரியாதவங்களுக்குக் கடைசியா ரயில்ல ஏத்தின நாள். ஒரே குடும்பப் பேருக்குக் கீழ ஏழெட்டுப் பேர் வரும்போது நமக்கே வரியை விட்டுக் கண்ணை எடுக்கத் தோணும்.

இதுக்கும் ஒரு பின்கதை உண்டு. இந்தப் பேர்களை முதல்ல எழுதினது 1950-கள்ல. சுவத்துல ஈரம் ஏறுதுன்னு 1968-ல மூடினாங்க. கம்யூனிஸ்ட் ஆட்சி முடியற வரைக்கும் திறக்கல, எழுதினதும் போச்சு. 1992-லேர்ந்து 1996 வரைக்கும் உட்கார்ந்து அத்தனை பேரையும் திரும்ப எழுதினாங்க, ஒவ்வொரு எழுத்தா. மாடியில டெரெசின் முகாம்ல இருந்த குழந்தைகள் வரைஞ்ச படங்கள் இருக்கு. அவங்களுக்கு வரையச் சொல்லிக் கொடுத்த ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ், தன்னை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி சுமார் 4,500 படங்களை ரெண்டு சூட்கேஸ்ல வச்சுப் பத்திரப்படுத்தினாங்க. அவங்க திரும்பி வரல.

சரி, கேள்விக்கு வருவோம். டூர்ல சேருங்க, தாராளமா. தெருக்கள் பழகும், எங்கே சாப்பிடலாம்னு தெரியும். டிப்ஸைக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஆனா கைடுகிட்ட "இதுக்கு ஆதாரம் இருக்கா?"ன்னு ஒரு தடவையாவது சிரிச்சுட்டே கேளுங்க. நான் கடைசியில கண்ணு பிடுங்கின கதையைக் கேட்டேன். "தெரியும், ஆனா அதைச் சொல்லலைன்னா ஜனங்க கோச்சுக்கறாங்க"ன்னார்.

மதியத்தை உங்களுக்குன்னு வச்சுக்கோங்க. பின்காஸ் சனிக்கிழமை மூடியிருக்கும், அது யூதர்களோட ஓய்வு நாள். வீக்கெண்ட் ட்ரிப் போடறவங்க ஞாயித்துக்கிழமையைக் காலியா வச்சுட்டு டிக்கெட் எடுங்க.