லட்சணமா, சங்கற்பமா?

ஒரே வீரக் கதையைச் சித்திரப் படமாக ஒரு தடவையும், நடிகர்களைக் கொண்டு இன்னொரு தடவையும் எடுத்தால் என்ன ஆகும்? டிஸ்னி கம்பெனியார் 'மூலான்' கதையை 1998இல் முதல் விதமாகவும், 2020இல் இரண்டாவது விதமாகவும் எடுத்தார்கள். இரண்டையும் பார்த்தபோது நமக்குக் கூவாகத்து அரவான் நினைவு வந்தது. என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்பார்கள். சற்றுப் பொறுக்க வேண்டும்.

மூலான் சீன தேசத்துப் பழம் பாடலில் வரும் பெண். வயது சென்ற தகப்பனாருக்குப் பதிலாக ஆண் வேஷம் பூண்டு படையில் சேர்கிறாள். சித்திரப் படத்தில் அவள் முதலில் எதற்கும் உதவாதவள். பாசறையிலே உயர்ந்த கம்பம் ஒன்று. அதன் உச்சியில் ஓர் அம்பு. கைகளில் கனத்த எடைகளைக் கட்டிக்கொண்டு ஏறி அதை எடுக்க வேண்டும். பலசாலிகளெல்லாம் வழுக்கி விழுகிறார்கள். "வீட்டுக்குப் போ" என்று சொல்லப்பட்ட பிறகு, இவள் அந்த எடைகளையே கம்பத்தைச் சுற்றிப் பின்னி, அவற்றைப் பற்றிக்கொண்டு உச்சியை எட்டிவிடுகிறாள். பாரமே பிடிமானமாகிறது!

பிந்திய படத்தில் முஷு என்னும் வேடிக்கையான குட்டி டிராகன் இல்லை. தளபதி லீ ஷாங்குக்குப் பதிலாக இரண்டு பேர் வருகிறார்கள். சூனியக்காரி ஒருத்தியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், ஊரார் துரத்தியதால் எதிரியோடு சேர்ந்தவள் அவள், அருமையான பாத்திரம். ஆனால் கதாநாயகிக்கோ 'சி' என்னும் சக்தி பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. தண்ணீர் வாளிகளைச் சுமந்து மலையேறும்போது அவளுக்குக் கை கொடுப்பதும் அதுதான். கம்பம் ஏறியவளை நம் வீட்டுப் பெண் என்று கொண்டாடலாம். இவளைக் கண்டு வியக்கலாம், அவ்வளவே.

இனி அரவானுக்கு வருவோம். வியாச பாரதத்தில் அவன் அர்ஜுனனுக்கும் நாககன்னிகை உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் யுத்தத்தில் அலம்புசன் என்னும் ராட்சதன் கையால் மடிகிறான். தமிழ்நாட்டிலோ கதை வேறாக வளர்ந்தது. பாண்டவர் வெற்றிக்கு முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவன் களப்பலியாக வேண்டும். அத்தகையவர் மூவரே: கண்ணன், அர்ஜுனன், அரவான். லட்சணம் பிறவியில் வந்ததுதான். ஆனால் நம்மவர்கள் கதையை அதோடு விடவில்லை; "நானே பலியாகிறேன்" என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். சாகுமுன் கல்யாணம் வேண்டுமென்று அவன் வரம் கேட்டான். மறுநாள் சாகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்தான்.

கல்வராயன் மலையை மேற்கெல்லையாகக் கொண்ட கள்ளக்குறிச்சி ஜில்லாவில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்தது கூவாகம். சித்திரைப் பௌர்ணமி இரவில் அங்கே திருநங்கையர் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேருக்குப் பின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்து அழுகிறார்கள்.

மூலானுக்கு ஆண் கோலம் யுத்தம் முடியும் வரை ஒரு வேஷம். கண்ணனுக்குப் பெண் கோலம் ஓர் இரவு வேஷம். இவர்களுக்கோ அது வேஷமே அன்று, சொந்த உருவம். அதை ஊரறிய ஏற்று நடமாடுவதற்கு வேண்டிய சங்கற்பம், கம்பம் ஏறுவதற்கு வேண்டியதைவிடக் குறைந்ததா? 2008இல் தமிழ்நாட்டில் இவர்களுக்கென நல வாரியம் ஏற்பட்டது. 2014இல் சுப்ரீம் கோர்ட் இவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டது. வீடுகள் ஒப்புக்கொண்டனவா?

சித்திரப் படத்தின் முடிவில் மூலான், எதிரியின் வாளையும் சக்கரவர்த்தி தந்த பதக்கத்தையும் தகப்பனார் மடியில் வைக்கிறாள். அவர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு மகளைக் கட்டிக்கொள்கிறார். கூவாகத்தில் அழுதுவிட்டுத் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு வாசல் திறந்திருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் படம் எடுப்பவர்கள் அல்ல; வாசலுக்கு உள்ளே இருக்கும் நாம்தான்.