விமான நிலைய இயந்திரமும் நெஞ்சு எக்ஸ்ரே படமும்

கல்முனைக்குடியிலும் அதனையடுத்த சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களிலும் வெளிநாட்டுப் பயணம் என்பது இன்று ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்தினதும் விவகாரமாகிவிட்டது. தொழிலுக்காகக் கட்டார், சவூதி அரேபியா, குவைத் ஆகிய நாடுகளுக்குச் செல்வோர் ஒருபுறம். குடும்பத்துடன் இணைவதற்காகவோ உயர்கல்விக்காகவோ நிரந்தரக் குடியேற்றத்துக்காகவோ பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா என்று புறப்படுவோர் மறுபுறம். இவ்விரு சாராரும் தவிர்க்கமுடியாத ஒரு படி வைத்தியப் பரிசோதனையாகும். அப்பரிசோதனையின் மையமாக இருப்பது நெஞ்சு எக்ஸ்ரே.

இப்படத்தைக் கையில் எடுத்துச்செல்வோர் மனதில் எழும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே. கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வாசலிலேயே பொதிகள் எல்லாம் ஊடுகதிர் இயந்திரத்துக்குள் போகின்றன. எக்ஸ்ரே படத்தின் மீது மீண்டும் எக்ஸ்ரே பட்டால் அது அழிந்துவிடாதா, கறுத்துவிடாதா?

அழியாது, கறுக்கவும் மாட்டாது. இதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் அச்சத்துக்கு இடமிராது.

பழைய முறையிலான எக்ஸ்ரே படம் என்பது, பிளாஸ்டிக் தகடொன்றின் மீது வெள்ளி உப்புகளின் நுண்ணிய பளிங்குகள் பூசப்பட்ட ஒன்றாகும். கதிர் பட்ட பளிங்குகள், பின்னர் இரசாயனக் கரைசலில் அமிழ்த்தப்படும்போது கரிய வெள்ளித் துகள்களாக மாறுகின்றன. கதிர் படாதவை அடுத்த கரைசலில் முற்றாகக் கழுவி நீக்கப்படுகின்றன. இவ்வாறு கழுவி உலர்த்தப்பட்ட படத்தில் கதிருக்கோ ஒளிக்கோ இசைந்து மாறக்கூடிய பொருள் எதுவும் எஞ்சியிருப்பதில்லை. வைத்தியர் அதனை ஒளிப்பெட்டியில் வைத்து எத்தனை தடவை பார்த்தாலும் படம் கெடாமலிருப்பதும் இதனாற்றான்.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. கமெராக்களில் பிலிம் சுருள் போட்டுப் படமெடுத்த காலத்தில், கழுவப்படாத சுருள்களை இயந்திரத்தில் போடவேண்டாம் என்று பயணிகள் எச்சரிக்கப்பட்டார்கள். அந்த எச்சரிக்கை சரியானதே. கழுவப்படாத சுருளில் பளிங்குகள் இன்னும் கதிருக்குக் காத்திருக்கின்றன. குறிப்பாக, விமானத்தின் அடியில் ஏற்றப்படும் பொதிகளைச் சோதிக்கும் வலுவான இயந்திரங்கள் அவற்றில் புகைமூட்டம் போன்ற கறையை ஏற்படுத்திவிடும். கழுவி முடித்த வைத்தியப் படத்துக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. இறுவட்டில் பதிந்து தரப்படும் படத்துக்கும் இயந்திரத்தால் தீங்கில்லை. இறுவட்டு ஒளியால் வாசிக்கப்படுவது. அதன் பகை கீறலும் முறிவுமேயன்றிக் கதிரல்ல. (இயந்திரத்தினூடாகச் சென்ற உணவில் கதிர் தங்கிவிடுமோ என்று கேட்போரும் உளர். மின்விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்காததைப் போலவே, இயந்திரம் நின்றபின் பொதிக்குள் கதிர் எதுவும் தங்குவதில்லை. உம்மா கட்டிக்கொடுத்த மஸ்கட்டைத் தாராளமாகச் சாப்பிடலாம்.)

படத்தைக் கெடுப்பவை வேறு. தற்போது பல வைத்தியசாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் தரப்படுவது கரைசலில் கழுவப்பட்ட படமல்ல, வெப்பத்தால் அச்சிடப்படும் உலர் படமாகும். வெப்பத்தால் உருவாவது வெப்பத்தாலேயே கெடும். மதிய வெயிலில் பூட்டிய வாகனத்தினுள்ளோ தகரக் கூரைக்கு நெருக்கமான அலுமாரித் தட்டிலோ வைத்த உலர் படம் காலப்போக்கில் கருமையேறி மங்கிவிடலாம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் பழைய படங்களுக்குப் பகை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்தெடுக்கும்போது மேற்பூச்சு உரிந்துவிடும். மடித்தால் மடிப்புக்கோடு நுரையீரலின் குறுக்கே நிழலாக விழும். ஆகவே தட்டையான அட்டைக்குள் வைத்து எடுத்துச்செல்வதே முறை.

அடுத்தது, படத்தை எந்தப் பொதியில் வைப்பது என்பது. கைப்பையில்தான் வைக்கவேண்டும், விமானத்தின் அடியில் செல்லும் பொதியில் வைக்கக்கூடாது. சென்றிறங்கும் நாட்டில் பயணி முதலிற் சந்திப்பது குடிவரவு அதிகாரியை. பொதியைப் பெறுவது அதற்குப் பின்னரே. அதிகாரி படத்தையோ அறிக்கையையோ கேட்கும் வேளையில் அது பொதிச்சுற்றியில் சுழன்றுகொண்டிருப்பதில் பயனில்லை. பொதி டோஹாவிலோ டுபாயிலோ தங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

அமெரிக்கக் குடியேற்ற வீசா பெற்றவர்களுக்கு முன்னர் தூதரகம் முத்திரையிட்ட உறையொன்றை வழங்கி, அதனைத் திறக்காமல் நுழைவிடத்தில் ஒப்படைக்குமாறு பணிக்கும். அவ்வுறையைப் பயணி திறந்தால் அதன் பெறுமதி போய்விடும். தற்போது பலருக்கு ஆவணங்கள் கணினி வழியாகவே அனுப்பப்படுகின்றன. எனினும் உறை கொடுக்கப்பட்டால் பழைய விதியே பொருந்தும். பாதுகாப்பு ஊழியர் உறையினுள் என்ன இருக்கிறது என்று கேட்டால், வைத்திய ஆவணம், தூதரகத்தால் முத்திரையிடப்பட்டது என்று அமைதியாகக் கூறி, உறையை முழுமையாக இயந்திரத்தினூடாக அனுப்பச் சம்மதிப்பதே போதுமானது. கைச்சோதனை வேண்டும் என்று வாதிட்டு, உறையைத் திறக்கும் நிலைக்குத் தாமே வழிவகுப்பவர்கள் இல்லாத பாதிப்பிலிருந்து படத்தைக் காக்கப்போய் உண்மையான பாதிப்பைத் தேடிக்கொள்கிறார்கள்.

அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்கான பரிசோதனைகளில் படமும் அறிக்கையும் பரிசோதனை நிலையத்திலிருந்து நேரடியாகக் கணினி வழியே அந்நாட்டு அதிகாரிகளைச் சென்றடைகின்றன. பிரித்தானியாவில் ஆறு மாதங்களுக்கு மேல் தங்கச் செல்லும் இலங்கையர் காசநோய் இல்லை என்ற சான்றிதழைப் புறப்படுமுன்பே பெறவேண்டும். முன்னர் ஹீத்ரூ, கட்விக் விமான நிலையங்களில் வந்திறங்குவோரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த முறையைக் கைவிட்டு, 2012 முதல் பிரித்தானியா இவ்வேற்பாட்டை விரிவுபடுத்தியது. ஆகவே இன்று புறப்படும் பலரது கையில் புதிய படம் எதுவும் இராது. அப்படியானால் எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? வீட்டில் இருக்கும் பழைய படத்தைப் பற்றியே.

இவ்வளவு நாடுகளும் நெஞ்சை ஏன் படமெடுக்கின்றன என்பதை நோக்கினால் இது விளங்கும். அவை தேடுவது காசநோயை. எங்கள் முன்னோர் சயரோகம் என்று தாழ்ந்த குரலில் சொன்ன நோய் அது. குடியேறுவோரைக் கடலோரத்தில் நிறுத்திப் பரிசோதிப்பது தமிழருக்குப் புதிதுமல்ல. தோட்டத் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களை அன்றைய இலங்கை அரசு மண்டபம் முகாமில் தடுத்துவைத்துப் பரிசோதித்தே கப்பலேற்றியது. அன்று அம்மை, வாந்திபேதி. இன்று காசம்.

முற்றாகக் குணமான காசநோயும் நுரையீரலில் தழும்பை விட்டுச்செல்லும். பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியிலேயே அது காணப்படும். ஒரேயொரு படத்தை மட்டும் வைத்து, இத்தழும்பு பத்து வருடப் பழையதா, இப்போது கிளர்ந்துவரும் நோயா என்று எந்த நிபுணராலும் உறுதியாகக் கூறமுடியாது. எனவே பரிசோதகர் அடுத்த கட்டத்துக்குச் செல்கிறார். அதிகாலையில் மூன்று நாட்கள் சளி மாதிரி பெறப்படுகிறது. அது நுணுக்குக்காட்டியில் பார்க்கப்படுவதோடு வளர்ப்புச் சோதனைக்கும் இடப்படுகிறது. காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளர்வது. முடிவுக்கு ஆறிலிருந்து எட்டு வாரங்கள் வரை காத்திருக்கவேண்டும். பல்கலைக்கழக அனுமதி, எடுத்துவைத்த பயணச்சீட்டு, ஏனைய குடும்பத்தினரின் வீசா ஆகிய அனைத்தும் அவ்விரண்டு மாதங்களுள் அகப்பட்டுக்கொள்கின்றன.

இங்குதான் பழைய படம் பேசுகிறது. ஐந்து வருடங்களுக்கு முன் எடுத்த படத்தில் இருந்த அதே நிழல், அதே அளவில் இன்றும் இருக்கிறதெனின், அது உறங்கும் தழும்பு என்ற முடிவுக்கு வைத்தியர் வருவது எளிதாகிறது. சளிப் பரிசோதனையை அது எப்போதும் தவிர்த்துவிடும் என்று கூறமுடியாது. ஆனால் மீண்டும் மீண்டும் படமெடுத்து மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கும் அவசியத்தை அது குறைக்கக்கூடும். சிகிச்சை முடித்ததற்கான அட்டையும் படமும் சேர்ந்திருந்தால் இன்னும் நன்று.

ஆயின் நம்மவர் வீடுகளில் பழைய படங்களுக்கு நேர்வது என்ன? நோயை மறக்கவேண்டும் என்பதற்காக எரிக்கிறார்கள். பெண்பிள்ளையின் கல்யாணப் பேச்சு வருகையில் ஒளிக்கிறார்கள். சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்கென்று வெட்டுகிறார்கள் (இது கண்ணுக்கும் கேடு). 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கரையோரத்தில் பிறப்புச் சான்றிதழே எஞ்சாத குடும்பங்களிடம் எக்ஸ்ரே படத்தை எதிர்பார்ப்பதெங்ஙனம்? படம் போனாலும், சிகிச்சை பெற்ற மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தின் பதிவேட்டில் விபரம் இருக்க இடமுண்டு. விண்ணப்பிப்பதற்கு முன்பே அங்கு சென்று கடிதம் பெறுவதே விவேகம். வீசா நேர்முகத்துக்கு முதல்நாள் ஓடுவதல்ல.

பெயர் விடயத்தில் நம் ஊர்களுக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. கிளினிக் அட்டையில் வீட்டில் அழைக்கும் பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் பெயரும் முதலெழுத்துகளும் சேர்ந்த நீண்ட பெயர் இருக்கும். முஹம்மது என்பது ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதப்படுவதும் தெரிந்ததே. எவருடைய நெஞ்சு என்று நிரூபிக்கமுடியாத படம் எவருக்கும் பயன்படாது. ஆகையால் கடிதத்தில் கடவுச்சீட்டிலுள்ளவாறே பெயரும், அடையாள அட்டை இலக்கமும், சிகிச்சை தொடங்கிய முடிந்த திகதிகளும் இடம்பெறச் செய்யவேண்டும்.

பெண்களுக்கு ஒரு விடயம். படமெடுக்கும்போது தலைமறைப்பில் குத்திய ஊசிகளும் பின்னலிட்டுத் தோளில் விழுந்த கூந்தலும் நுரையீரலின் மேற்பகுதியில் நிழலாக விழும். காசத் தழும்பைத் தேடும் இடமும் அதுவே. வீணான சந்தேகமும் மறுபடமும் அதனால் நேர்வதுண்டு. ஊசிகளைக் கழற்றிக் கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொள்வது நல்லது. பெண் ஊழியர் உடனிருக்குமாறு கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. கர்ப்பமுற்றிருந்தால் அதனை முன்கூட்டியே சொல்லவேண்டும். வயிற்றுக்குக் கதிர்க்கவசம் இடுவது, படத்தைப் பிற்போடுவது போன்ற வழிகள் உள்ளன.

வளைகுடாப் பயணிகளின் நிலை கடினமானது. முன்னர் கம்கா என்றும் தற்போது வாஃபித் என்றும் அறியப்படும் பரிசோதனை முறையில், பழைய தழும்பொன்றே தகுதியற்றவர் என்று குறிக்கப்படப் போதுமாக இருந்துவந்துள்ளது. மேற்கு நாடுகள் நோய் குணமானதா என்று கேட்கின்றன. வளைகுடா நாடுகளோ நோய் எப்போதாவது இருந்ததா என்று கேட்கின்றன. ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டு குணமடைந்த தொழிலாளியை அந்தத் தழும்பைக் காட்டித் தண்டிப்பது நியாயமாகத் தோன்றவில்லை. மருத்துவ அறிவும் அதற்குத் துணைநிற்பதாகத் தெரியவில்லை. நோயை மறைக்கும் பழக்கத்தையே அது வளர்க்கிறது. மறைத்தும் பயனில்லை. சவூதியில் வதிவிட அனுமதி பெறுமுன் மீண்டும் பரிசோதனை நடைபெறுகிறது. கட்டாருக்குச் செல்வோரின் பரிசோதனையும் கைரேகைப் பதிவும் 2018இல் கொழும்பில் திறக்கப்பட்ட கட்டார் வீசா நிலையத்திலேயே ஒருங்கே செய்யப்படுகின்றன. பணம் கொடுத்தால் படத்தைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் தரகரை நம்பி, கடன்பட்டுச் சென்று திரும்பியனுப்பப்படுவது நோயிலும் கொடிது.

இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மாலை நேரக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தாலோ, வீசாவுக்காகக் காத்திராமல் பரிசோதிப்பது அவசியம். அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல்முனைக்குடியிலேயே உள்ள அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குச் சென்றாலும் வழிகாட்டுவார்கள்.

பரிசோதனையின் காலவரையறையும் கவனத்துக்குரியது. கனடாவுக்கான பரிசோதனை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களும், பிரித்தானியச் சான்றிதழ் ஆறு மாதங்களும் செல்லுபடியாகும். அமெரிக்காவுக்கானது பொதுவில் ஆறு மாதங்கள். தழும்பு காணப்பட்டவர்களுக்கு அது மூன்று மாதங்களாகச் சுருங்கும். பெருநாள் கழித்துப் போகலாம் என்று பிற்போட்டு, பரிசோதனையை மறுபடி செய்ய நேரிடக்கூடாது.

தழும்புடன் அனுமதிக்கப்பட்டவர்களுக்குச் சென்றிறங்கிய பின்னும் ஒரு கடமை உண்டு. கனடாவில் பொதுச் சுகாதார அதிகாரிகளுடன் வழமையாக முப்பது நாட்களுக்குள்ளும், அவுஸ்திரேலியாவில் சுகாதார உறுதிமொழியில் ஒப்பமிட்டோர் இருபத்தெட்டு நாட்களுக்குள்ளும் தொடர்புகொள்ள வேண்டும். இது நாடுகடத்துவதற்கான பொறியல்ல, தொடர்ந்து கவனிப்பதற்கான ஏற்பாடு. அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்கப்போவது முன்னர் எடுத்த படம் ஏதும் இருக்கிறதா என்பதையே. கைப்பையில் வந்த அந்த உறையை அவரிடம் கொடுக்கலாம். பார்த்து முடிந்ததும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.