கார் ஏசி கேஸ் 'தீர்ந்து' போகுமா?

கத்திரி வெயில் தொடங்கும் முன்பே மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது: "சார், கேஸ் தீர்ந்துபோச்சு, ஃபில் பண்ணிடலாம்." நீங்களும் தலையாட்டிவிட்டு யுபிஐ-யில் பணத்தை அனுப்பியிருப்பீர்கள். அடுத்த கோடையில் மறுபடியும் அதே வசனம் என்றால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவதுதான் அதன் வேலை. ரப்பர் குழாய், சீல் வழியாகப் பல வருடங்களில் சிறிது குறைவது சகஜம். ஒரே வருடத்தில் காலி என்றால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம்.

மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, 1842-ல் கட்டிய அந்தக் கட்டடம் முதலில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை அங்கேதான் வைத்திருந்தார்கள். உருகினால் போச்சு, அடுத்த கப்பல் வரவேண்டும். கார் ஏசியில் அந்தக் கவலை இல்லை. வெப்பத்தை வாங்கி ஆவியான கேஸை வண்டியே மறுபடி திரவமாக்கிக்கொள்கிறது.

எப்படி? ஊசி போடும் முன் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கும் அல்லவா? ஆவியாகும் திரவம் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இன்று நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-134ஏ, திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் காயிலில் அழுத்தம் குறைவு. அங்கே கேஸ் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் கொதித்து, உள்ளே வீசும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது.

உறிஞ்சிய வெப்பத்தை வெளியே தள்ள வேண்டுமே! வெளியிலோ 40 டிகிரி. இங்கேதான் கம்ப்ரஸர் வருகிறது. குக்கரில் அழுத்தம் கூடினால் தண்ணீர் 120 டிகிரி வரை சூடானால்தான் கொதிக்கும். அதே மாதிரி, கேஸை நன்றாக அழுத்தினால் அது 55, 60 டிகிரியிலேயே திரவமாக மாறும். வெளிக்காற்றைவிட இது சூடு. அதனால் வண்டியின் முன்னால் இருக்கும் கண்டன்ஸர் வழியாக வெப்பம் வெளியேறிவிடுகிறது.

இது புரிந்தால் பாதிப் பிரச்சினையை நீங்களே ஊகிக்கலாம். ஈசிஆரில் ஓட்டும்போது நன்றாகக் குளிர்கிறது, உஸ்மான் ரோடு நெரிசலில் நின்றால் மட்டும் குளிர் போய்விடுகிறதா? கேஸைவிட முதலில் கண்டன்ஸர் ஃபேனையும், கண்டன்ஸரில் அடைந்த தூசியையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்று மட்டும் மெதுவாக வருகிறதா? கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது என்று பயப்படாதீர்கள். அது நம்ம சென்னைக் காற்றின் ஈரம்தான், கேஸ் கசிவு அல்ல.

நிஜமாகவே கசிவு என்றால், கேஸோடு சுற்றும் எண்ணெயும் அந்த இடத்தில் கசிந்து, பிசுபிசுவென்று தூசி ஒட்டியிருக்கும். பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரி கடலோரத்தில் வண்டி நிறுத்துபவர்கள் கண்டன்ஸரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ, ஒளிரும் சாயம் விட்டோ கசிவைக் கண்டுபிடிக்கலாம். அதை அடைக்காமல் டாப்-அப் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

அடைத்த பிறகு வாக்யூம் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கேஸ். எவ்வளவு? பல கார்களில் பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் கேஸ் வகையும் கிராம் கணக்கும் இருக்கும். சிறிய கார்களுக்குப் பொதுவாக அரை கிலோவை ஒட்டித்தான். அதிகம் அடைத்தாலும் குளிர் குறையும். ஸ்டிக்கரை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். விலை குறைவு என்று எல்பிஜி போன்ற எரியும் வாயுவை ஏற்ற யாராவது சொன்னால் கண்டிப்பாக வேண்டாம். கசிந்தால் தீப்பிடிக்கும்.

கசிவால் போவது உங்கள் பணம் மட்டுமல்ல. பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்ததால், 1987 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி கைவிடப்பட்டது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 1,400 மடங்கு. அரை கிலோ காற்றில் கலந்தால், கிட்டத்தட்ட 300 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம்! இதனால்தான் 2016 கிகாலி திருத்தம் வந்தது. இந்தியா 2021-ல் ஏற்றது. இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டை 2032-லிருந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஐரோப்பாவில் புதிய கார்கள் ஏற்கெனவே ஆர்-1234ஒய்எஃப் பக்கம் போய்விட்டன. உங்கள் வண்டியில் அது இருந்தால் 134ஏ-வை ஏற்றக் கூடாது.

பில் வாங்க மறக்காதீர்கள். அதில் கேஸ் வகை, கிராம், கசிவுச் சோதனை மூன்றும் இருக்கட்டும். வேலை சரியில்லை, கடையும் பேச மறுக்கிறது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.