சிறு துகளின் பெருங்கணக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் இயற்பியல் பயிலும் பிள்ளைகள் சிலர் உளர். அவர்தம் குறிப்பேடுகளில் நேர்கோடுகளும் நெளிகோடுகளும் பின்னிய சிறு படங்களைக் கண்டு, கோலமோ என மயங்கிய தாய்மாரும் இருத்தல் கூடும். அவை ஃபைன்மன் படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு கணக்கு. அக்கணக்கின் வரலாற்றைச் சிறிது கூற விழைகின்றோம்.

எலெக்ட்ரான் ஒரு நுண்ணிய காந்தம். அதன் வலிமையைக் குறிக்கும் எண் 2 என, டிராக் 1928-இல் அமைத்த சமன்பாடு கூறிற்று. 1947-இல் அமெரிக்காவில் குஷ், ஃபோலி என்னும் இருவர் அளந்தபோது, அவ்வெண் ஆயிரத்தில் ஒரு பங்களவு மிகுந்திருக்கக் கண்டனர். இம்மிகைக்குக் காரணம் காட்டியது குவாண்டம் புலக் கொள்கை. எலெக்ட்ரான் ஓர் ஒளித்துகளை உமிழ்ந்து, தானே அதனை மீட்டும் விழுங்கும். அவ்விடைப்பொழுதில் அதன் காந்தமும் சிறிது மாறும். 1948-இல் ஷ்விங்கர் கணித்த முதல் திருத்தம் 0.00116. அளவையோடு அது நன்கு பொருந்திற்று.

இத்துடன் கணக்கு முடியவில்லை. ஒளித்துகள்கள் இரண்டு, மூன்று எனப் பெருகலாம். ஒவ்வொன்று கூடுந்தோறும் ஏறத்தாழ 1/137 என்னும் காரணி பெருக்கலில் சேர்வதால், பயன் சுருங்கிக்கொண்டே போகும். வாடகையை முதலில் எழுதி, பின் மளிகையை எழுதி, கடைசியில் கொத்தமல்லிக் கட்டை எழுதும் இல்லத்துக் கணக்கைப் போன்றது இது. ஆனால் தொகை சுருங்கச் சுருங்க உருப்படிகள் பெருகும். முதற்படியில் ஒரே படம். அடுத்து 7, 72, 891. ஐந்தாம் படியிலோ 12,672!

இரண்டாம் படியை 1950-இல் கார்ப்ளஸ், குரோல் ஆகியோர் கணித்தனர். அதில் ஒரு பிழை இருந்தது. 1957-இல் பெட்டர்மன், சாமர்ஃபீல்டு இருவரும் தனித்தனியே அதனைத் திருத்தினர். ஐந்தாம் படியைக் கினோஷிதாவும் அவர்தம் துணைவரும் கணிப்பொறிகளின் துணையால் 2012-இல் வெளியிட்டனர்.

கணக்கின் இடையே முடிவிலி தோன்றும் இடரும் உண்டு. அளந்தறிந்த நிறையையும் மின்னூட்டத்தையும் கொண்டு அம்முடிவிலியை உள்ளடக்குவர். இம்முறையை டிராக் மனமார ஒப்பவில்லை. அவரது ஐயத்தில் நியாயம் உண்டென்றே நமக்கும் தோன்றுகின்றது. எனினும் அளவையோடு இத்துணை நுட்பமாகப் பொருந்தும் முறையைத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

எலெக்ட்ரானைப் போன்றதே மியூவான். எடை மட்டும் ஏறத்தாழ 207 மடங்கு. புரூக்ஹேவனில் 2001-லும், ஃபெர்மி ஆய்வகத்தில் 2021-லும் வெளியான அளவைகள், கொள்கை கூறியதை விஞ்சி நின்றன. அறியாத துகள் ஒன்று மறைந்துள்ளதோ என உலகெங்கும் ஆவல் எழுந்தது. இதில் இடர் தந்தது குவார்க்குகளின் பங்கு. அவற்றிடை விசை வலியதாகலின், அடுத்தடுத்துச் சுருங்கும் கணக்கு அங்கே பயன்படாது. ஆய்வுக்கூடங்களில் எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டுப் பெற்ற தரவுகளிலிருந்து அப்பங்கைக் கொள்வது ஒரு வழி. இடத்தையும் காலத்தையும் வலைக்கண்களாகப் பகுத்துக் கணிப்பொறியில் கணிப்பது மற்றொரு வழி.

2021-இல் வந்த வலைக்கணிப்பு ஒன்று அளவைக்கு அண்மையில் நின்றது. 2025-இல் கொள்கையாளர் குழுவும் அவ்வழியையே ஏற்றது. ஃபெர்மி ஆய்வகத்தின் இறுதி அளவையோடு வேறுபாடு மறைந்தது. ஆயினும், நோவோசிபிர்ஸ்க் ஆய்வகம் 2023-இல் அளித்த மோதல் தரவு, முன்னைய ஆய்வகங்களின் தரவுகளோடு இணங்கவில்லை. எது சரி என்பது 2025-ஆம் ஆண்டு அறிக்கையிலும் முடிவாகவில்லை. அதனை அறியப் புதிய அளவைகள் நடைபெற்று வருகின்றன.