கொழும்புக்கு ஒரே டிக்கெட்

அந்நிய தேசத்து ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்க நிற்கும் புதிய பிரயாணிக்குத் திகைப்பு நேர்வதுண்டு. அத்தகைய திகைப்புக்கே இடமில்லாதபடி, கடலுக்கு அப்பாலுள்ள ரயிலுக்கும் சேர்த்து இங்கேயே டிக்கெட் பெற்றுக்கொண்டு புறப்படும் சௌகரியம் ஒரு காலத்தில் நம்மவர்களுக்கு இருந்தது என்பதையும், அந்தப் பிரயாணத்தின் வழி திருச்சிராப்பள்ளி ஜங்ஷனைத் தொட்டே சென்றது என்பதையும் இன்றைய இளைஞர்களில் பலர் அறியார்.

1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே, எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், அப்பால் கொழும்புக் கோட்டை வரை இலங்கை ரயில் என்ற மூன்றையும் ஒரே டிக்கெட்டில் இணைத்தது. இங்கே மீட்டர் கேஜ், அங்கே ஐந்தரை அடி அகலப் பாதை. ஆகையால் கடல் குறுக்கிடாதிருந்தாலும் வண்டி மாறித்தான் ஆகவேண்டும். வண்டியால் கடக்க முடியாத எல்லையை ஒரு சிறு அட்டைத் துண்டு கடந்தது.

ஆனால் அந்த வழியே சென்றவர்கள் எல்லோரும் தம் பணத்தில் டிக்கெட் வாங்கியவர்கள் அல்லர். தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் காரியாலயம் திருச்சியிலேயே இருந்தது. பஞ்சத்தாலும் கடனாலும் கிராமத்தை விட்டுப் புறப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு, தோட்டத்தின் அடையாள எண் பொறித்த தகர வில்லையே டிக்கெட்டாயிற்று. வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, முடிவில் அந்த உழைப்பாளியின் தலையிலேயே கடனாக ஏறியது. மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டு, பரிசோதனை முடிந்த பிறகே அவர்கள் கப்பலேறினார்கள். இலங்கையின் தேயிலைச் செல்வத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தகர வில்லையையும் நினைக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து சென்றுவந்த கப்பலும் 1980-களின் இனப்போரில் நின்றுபோயிற்று.

இப்பொழுது வேறொரு வழி பிறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது. இடையிடையே நின்றாலும், 2024 ஆகஸ்டில் மறுபடியும் புறப்பட்டது. திருச்சியையும் நாகையையும் இணைப்பது 1860-களின் தொடக்கத்திலேயே போடப்பட்ட, தென்னாட்டின் மிகப் பழைய இருப்புப் பாதைகளில் ஒன்று. அக்கரையில் போரினால் சிதைந்த காங்கேசன்துறைப் பாதையும் 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. எனினும், ஸ்ரீரங்கத்து வாசி ஒருவர் ரயிலும் கப்பலுமாகக் கொழும்பு செல்ல விரும்பினால், நாகைக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று, அங்கிருந்து கொழும்புக்கு ஒன்று என மூன்று டிக்கெட்டுகளைத் தனித்தனியே தேடவேண்டும். செல்பவர்கள் மழைக்காலத்தில் கப்பல் ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்வதும், இலங்கை ரயிலில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்துகொள்வதும் உத்தமம். விடுமுறைக் காலங்களில் யாழ்ப்பாண வண்டிகளில் இடம் கிடைப்பது அரிது.

தெற்கே இலங்கையை நோக்கிப் பள்ளிகொண்டிருக்கும் அரங்கனைச் சேவிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பக்தருக்கும் இதே சிரமந்தான். காகிதமும் தந்தியும் மட்டுமே இருந்த காலத்தில் இரு ரயில்வேக்களும் கூடிச் செய்த காரியம் இன்று முடியாததன்று. திருச்சியிலும் காங்கேசன்துறையிலும் ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வழங்க இரு அரசாங்கங்களும் முன்வரவேண்டும்; அதற்காக இரு கரையிலும் உள்ள தமிழர்கள் மனுச் செய்யவேண்டும்.