வாழைப்பழம் போடாத வாழை வாசனை

பெங்களூர் இந்திரா நகரில் கோதுமை பியர் குடித்த வாசகர் ஒருவர், அதில் வாழைப்பழ எசன்ஸ் கலக்கிறார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறார். கலப்பதில்லை. அது ஈஸ்ட்டின் கைவண்ணம்.

சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் போதையைத் தருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போகிற போக்கில் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருளையும் அது உண்டாக்கிவிடுகிறது. பழுத்த வாழையின் மணத்துக்கும் அதுவே காரணம். நல்ல கோதுமை பியரை முகர்ந்தால், தார் பழுக்கப் போட்ட அறைக் கதவைத் திறந்த மாதிரி இருக்கும். பின்னாலேயே கிராம்பு வாசனை வரும். தானியத்திலுள்ள ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் மாற்றுவதால் வருவது அது. என்னை வியக்க வைப்பது இதுதான்: இங்கிலாந்து ஏல் பியரின் ஈஸ்ட் வகைகளில் பெரும்பாலானவை இந்தத் திறனை இழந்துவிட்டன. கிராம்பு வாடை அடித்த பியரை அங்கே காய்ச்சியவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கியதில், அதற்கான மரபணுக்களே செயலிழந்து போயின. பவேரிய கோதுமை பியரின் ஈஸ்ட் அதைக் கைவிடவில்லை. கண்ணுக்கே தெரியாத ஓர் உயிரை, மாட்டைப் பழக்கியதுபோல மனிதன் பழக்கியிருக்கிறான்!

பெங்களூருக்குப் பியர் புதிதல்ல. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார். ஆனால் இத்தகைய ஆலைகளின் பாட்டில் லாகர் பியரை வடிகட்டிச் சூடாக்கிவிடுவதால் உயிருள்ள ஈஸ்ட் அதில் மிஞ்சுவதில்லை. 2011இல் தி பியர் கிளப்பும், அதையொட்டி டாய்ட், விண்ட்மில்ஸ் போன்ற மதுக்கூடங்களும் தங்கள் கூரைக்கடியிலேயே காய்ச்சத் தொடங்கிய பிறகுதான் கலங்கலான, உயிருள்ள பியர் இந்த ஊருக்குக் கிடைத்தது.

அதை உறைய வைத்த கோப்பையில் வாங்கி மடமடவென்று குடிப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு குளிரில் வாசனை மேலே எழும்பாது. இங்கிலாந்தின் பழைய பப்களில் நிலவறைப் பீப்பாயிலிருந்து வரும் ஏல் 11 முதல் 13 டிகிரியில் இருக்கும். அதைக் காப்பாற்ற 1971இல் குடிப்பவர்களே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். இங்கோ, காக்பர்ன் சாலையில் 1933 முதல் இருந்த டூவர்ஸ் பாரை மூட விட்டுவிட்டோம். பழைய மதுக்கூடமும் ஊரின் வரலாறுதான். அதைக் காத்திருக்க வேண்டும்.

அடுத்த முறை சாதாரணக் கண்ணாடிக் கோப்பை கேளுங்கள். சிறிய அளவு போதும். குளிர் சற்றுத் தணிந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடியுங்கள். இந்திரா நகருக்கு மெட்ரோ இருக்கிறது, வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.