சாமியைக் கேலி செய்தால் கோபம் வருவது ஏன்?

பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே, தாமிரபரணிக் கரையில் சீவலப்பேரி என்ற ஊர் இருக்கிறது. அதன் பழைய பெயர் முக்கூடல். தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் கூடும் இடம். அங்கே அழகர் கோயில் கொண்டிருக்கிறார்.

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரைப் பற்றி எழுந்த நூல் ‘முக்கூடற் பள்ளு’. நெல் வகை, மாட்டு வகை, உழவு, நடவு எல்லாம் அதில் உண்டு. ஒரு சண்டையும் உண்டு!

சக்களத்திச் சண்டை

ஓர் உழவனுக்கு இரண்டு மனைவியர். மூத்தவள் முக்கூடல்காரி, பெருமாளைக் கும்பிடுகிறவள். இளையவள் மருதூர்க்காரி, சிவனைக் கும்பிடுகிறவள். இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றுகிறது. முதலில் ஒருத்தியை ஒருத்தி ஏசுகிறார்கள். பிறகு சாமிகளையே இழுத்து விடுகிறார்கள்.

சிவன் புலித்தோல் கட்டியதை மூத்தவள் கேலி செய்கிறாள். ராமன் மரவுரி கட்டியதை இளையவள் சொல்லிக் காட்டுகிறாள். நஞ்சு உண்டவர் உங்கள் சாமி என்கிறாள் ஒருத்தி. மண்ணைத் தின்றவர் உங்கள் சாமி என்கிறாள் மற்றவள். மாட்டில் ஏறியவருக்கும், பறவையில் ஏறியவருக்கும் கூட ஏச்சுத் தப்பவில்லை. கடைசியில் இருவரும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள்.

இதைப் படிக்கும் பக்தருக்குக் கோபம் வருவதில்லை. சிரிப்புத்தான் வருகிறது. காரணம் என்ன?

சிவன் நஞ்சு உண்டது உலகத்தைக் காக்க. கண்ணன் மண் தின்றது பிள்ளை விளையாட்டு. ஏச்சாக வந்தவை எல்லாம் பக்தர்கள் பெருமையாகப் பாடுகிறவைதான். ஏசுகிறவர்களும் கும்பிடுகிறவர்கள்தான். இகழ்வதுபோலப் புகழும் இந்த வழக்கத்துக்கு ‘நிந்தாஸ்துதி’ என்று பெயர். காளமேகப் புலவர் இதில் கைதேர்ந்தவர்.

நெல்லைக்காரரான புதுமைப்பித்தன் 1943-இல் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற கதையை எழுதினார். கடவுள் சென்னைக்கு வந்து ஓட்டலில் காப்பி குடிக்கிறார்! அந்தக் கதையில் கேலி கடவுளை விட மனிதர்கள் மேல்தான் அதிகம் விழுகிறது.

1954-இல் நடந்தது

எம். ஆர். ராதாவின் ‘கீமாயணம்’ நாடகம் வேறு விதம். அது ராமாயணத்தையே கிண்டல் செய்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு சொல்லும் புராணங்களை மக்கள் மனத்திலிருந்து அகற்ற வேண்டும் என்பது அந்த இயக்கத்தாரின் வாதம். ஒரு சாரார் கைதட்டினார்கள். பக்தர்கள் கொதித்தார்கள். நாடகங்களைக் கட்டுப்படுத்த அதே 1954-இல் புதிய சட்டம் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பக்தர்கள் கொதித்தது ஏன்? நெல்லைச் சீமையில் நெல்லையப்பன், காந்திமதி, இசக்கி, சுடலை என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார்கள். சாமி அவர்களுக்குத் தூரத்தில் இருப்பவர் அல்ல, வீட்டில் ஒருவர். பெற்ற தாயைப் பிள்ளை கேலி செய்தால் அவளே சிரிப்பாள். வழியில் போகிறவர் அதே சொல்லைச் சொன்னால் பிள்ளைக்கு ரத்தம் கொதிக்கும். சொல் ஒன்றுதான். சொல்லும் ஆளும், சொல்லும் நோக்கமும் வேறு.

கோபத்துக்கும் அளவு உண்டு

அந்தக் கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் கோபம் கையில் ஏறினால் என்ன ஆகும்?

1924-இல் லாகூரில் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தி ஒரு புத்தகம் வந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டார்கள். வழக்கு நடந்தது. புத்தகத்தை வெளியிட்டவர் விடுதலையானார். வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்துடன் மதத்தை இழிவுபடுத்துவது குற்றம் என்று 1927-இல் புதிய சட்டம் பிறந்தது. அப்படியும் பகை தீரவில்லை. 1929-இல் வெளியிட்டவரை ஒருவர் குத்திக் கொன்றார். கொன்றவரும் தூக்கில் தொங்கினார்.

1927-இல் வந்த அந்தப் பிரிவு, 2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்திலும் 299-ஆம் பிரிவாக இருக்கிறது. ‘கெட்ட எண்ணம்’ என்ற சொல்தான் அதன் உயிர். சிரிக்க வைப்பது குற்றம் அல்ல. அடுத்தவர் மனத்தைக் குத்த வேண்டும் என்றே கிளம்புவதுதான் குற்றம்.

முக்கூடல் பெண்கள் இருவரும் தங்கள் சாமியை விட்டுக் கொடுக்கவில்லை. அதற்காக அரிவாளையும் தூக்கவில்லை. சொல்லுக்குச் சொல்தான் பதில். சண்டை முடிந்ததும் ஒரே வயலில் இறங்கி நாற்று நட வேண்டியவர்கள் அல்லவா!